அக்டோபர் 30: நம் மொழி பேசிய ஒரு மக்கள் துரத்தப்பட்ட நாள்



அக்டோபர் மாதம் என்றதும் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது செபமாலை. வேடந்தாங்கலைச் சுற்றி வாழும் நமக்கு இன்னொன்றும் நினைவுக்கு வரும்: மழை தொடங்கி ஏரியில் தண்ணீர் சேரச் சேர, தூரதேசத்துப் பறவைகள் இறங்கத் தொடங்கும். ஆனால் பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம், நம்மைப் போலவே தமிழ் பேசும் ஒரு மக்கள் இந்த மாதத்தைக் 'கறுப்பு ஒக்டோபர்' என்று நினைவுகூர்கிறார்கள். அவர்கள் இலங்கையின் வட மாகாணத்து முஸ்லிம்கள்.

ஈழத்தமிழர் பட்ட துன்பம் நமக்குத் தெரியும். அதற்காக நம் ஆலயங்களில் செபித்திருக்கிறோம், உண்ணா நோன்பு இருந்திருக்கிறோம், காணிக்கை திரட்டியிருக்கிறோம். அது சரியானதே. ஆனால் அந்தத் துன்பத்துக்குள்ளேயே அடங்கிய இன்னொரு துன்பம் நம் பங்குகளில் அதிகம் பேசப்படவில்லை. பேசினால் தமிழரின் நியாயம் குறைந்துவிடுமோ என்ற தயக்கம் அதற்கு ஒரு காரணம். உண்மையைச் சொல்வதால் எந்த நியாயமும் குறையாது என்ற நம்பிக்கையோடு இதைப் பகிர்ந்துகொள்கிறேன்.

யார் இந்த மக்கள்?

இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலோரின் வீட்டு மொழி தமிழ். அங்கே அவர்களைச் சோனகர் என்றும் அழைப்பார்கள். யாழ்ப்பாண நகரில் சோனகத் தெருவும், உஸ்மானியா கல்லூரியும், பள்ளிவாசல்களும் அவர்கள் வாழ்க்கையின் அடையாளங்களாக இருந்தன. இரும்புக்கடை, தையல், நகைத் தொழில், லாரிப் போக்குவரத்து, இறைச்சிக்கடை என்று நகரத்தின் அன்றாட வாழ்வோடு கலந்திருந்தார்கள். மன்னார் மாவட்டத்தில் எருக்கலம்பிட்டி, முசலி போன்ற பகுதிகளில் உழவர்களாகவும் மீனவர்களாகவும் வாழ்ந்தார்கள். அங்கே அவர்களுக்கு அடுத்த ஊர்க்காரர்கள் பெரும்பாலும் கத்தோலிக்கர். வட மாகாணம் முழுவதிலும் பார்த்தால் முஸ்லிம்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவே இருந்த சிறுபான்மை.

தமிழர் உரிமைப் போராட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் முஸ்லிம் இளைஞர்களும் இயக்கங்களில் சேர்ந்தார்கள், உயிரும் கொடுத்தார்கள். இதை மறந்துவிட்டு அடுத்து நடந்ததைப் புரிந்துகொள்ள முடியாது.

என்ன நடந்தது?

1990 ஜூனில் இலங்கை அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர் மறுபடி மூண்டது. ஆகஸ்ட் 3ஆம் நாள் இரவு, கிழக்கே காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சில நாள்களில் ஏறாவூரிலும் முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். அதே மாதத்தில் வீரமுனை உள்ளிட்ட தமிழ்க் கிராமங்களில் தமிழர் கொல்லப்பட்டார்கள். கிழக்கில் இரு சமூகங்களுக்கும் இடையே இரத்தம் சிந்தப்பட்டது. ஆனால் வடக்கில் அப்படிப்பட்ட மோதல் எதுவும் இல்லை.

இருந்தும் அக்டோபர் நடுவில் சாவகச்சேரியிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். மாதக் கடைசியில் மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா மாவட்டங்களில் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளுக்கும் அந்தக் கட்டளை வந்தது. மன்னாரில் கத்தோலிக்கக் குருக்களும் தமிழ்ப் பொதுமக்களும் புலிகளிடம் பேசிப் பார்த்தார்கள். கட்டளை மாறவில்லை. மன்னார்க் கடற்கரையிலிருந்து குடும்பம் குடும்பமாகப் படகுகளில் கற்பிட்டிக்குப் போனார்கள்.

அக்டோபர் 30, செவ்வாய்க்கிழமை. யாழ்ப்பாண நகரின் முஸ்லிம் தெருக்களில் ஒலிபெருக்கி வண்டிகள் வந்தன. எல்லோரும் ஜின்னா மைதானத்துக்கு வரவேண்டும் என்றார்கள். வந்தவர்களிடம், இரண்டு மணி நேரத்துக்குள் ஊரைவிட்டுப் போய்விட வேண்டும் என்றார்கள். வீட்டுக்கு ஓடிப்போய் எடுத்த மூட்டைகளும் வழியில் சோதிக்கப்பட்டன. ஆளுக்கு 150 ரூபாயும் மாற்றுத் துணியும் போக மற்றதை வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். பெண்களின் தோடுகளையும் கழற்றி வாங்கினார்கள். நிலப்பத்திரம், பள்ளிச் சான்றிதழ், கல்யாணப் படம் எல்லாம் பின்னால் தங்கிவிட்டன.

இரண்டு வாரங்களுக்குள் ஏறத்தாழ 75,000 பேர் வட மாகாணத்தைவிட்டு அகற்றப்பட்டார்கள். நூற்றாண்டுகளாக வாழ்ந்த ஒரு சமூகம் ஒரு மாகாணத்திலிருந்து ஏறத்தாழ முழுமையாக இல்லாமல் போனது.

ஏன் நடந்தது?

முஸ்லிம்கள் இராணுவத்துக்கு உளவு சொல்கிறார்கள் என்ற சந்தேகமே காரணமாகச் சொல்லப்பட்டது. ஒரு பேச்சுக்கு, அப்படிச் சிலர் இருந்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். பால்குடிக் குழந்தை யாருக்கு உளவு சொல்லும்? எழுந்து நடக்க முடியாத பாட்டி எந்த முகாமுக்குச் செய்தி கொண்டுபோவார்? ஒருவர் செய்த குற்றத்துக்கு, அல்லது செய்ததாகச் சந்தேகிக்கப்பட்ட குற்றத்துக்கு, அவருடைய மதத்தவர் எல்லோரையும் பொறுப்பாளி ஆக்குவதுதான் இதன் வேர். அதே வேர்தான் 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளை எரித்தது. அதே வேர்தான் 2008இல் ஒடிசாவின் கந்தமாலில் நம் கிறிஸ்தவ மக்களைக் காட்டுக்குள் விரட்டியது.

2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த பத்திரிகையாளர் சந்திப்பில், முஸ்லிம்களை வெளியேற்றியது தவறு என்று புலிகள் தரப்பில் அன்ரன் பாலசிங்கம் ஒப்புக்கொண்டார். பிரபாகரனும் முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் ரவூப் ஹக்கீமும் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டார்கள். ஆனால் சமாதானம் நிலைக்கவில்லை. போர் முடிந்தபின், தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த எம்.ஏ. சுமந்திரன், நடந்தது இனச்சுத்திகரிப்பே என்று வெளிப்படையாகச் சொன்னார். அதற்காகத் தம் சொந்த மக்களிடமே வசவும் வாங்கினார்.

இன்னொரு நாளையும் இங்கே சொல்ல வேண்டும். 1995 அக்டோபர் 30. இராணுவம் யாழ்ப்பாணத்தை நெருங்கியது. மறுபடி ஒலிபெருக்கி. இம்முறை வலிகாமத்துத் தமிழர் எல்லோரும் வெளியேற வேண்டும் என்ற அறிவிப்பு. பல இலட்சம் பேர் மழையில், நாவற்குழி வழியாகத் தென்மராட்சியை நோக்கி நடந்தார்கள். சரியாக ஐந்து ஆண்டுகள் கழித்து அதே தேதி. இதைக் கடவுளின் தண்டனை என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். நம் கடவுள் குழந்தைகளை மழையில் நடக்கவிட்டுப் பழிதீர்ப்பவர் அல்ல. ஆனால் அந்தச் சாலையில் நடந்த பல தமிழர்களுக்கு, 1990இல் அதே போல நடந்தவர்களின் முகம் நினைவுக்கு வந்தது என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

புத்தளத்தின் கிடுகுக் குடிசைகள்

துரத்தப்பட்டவர்களில் மிகப் பலர் புத்தளம் மாவட்டத்தில் தங்கினார்கள். புத்தளம், கற்பிட்டி, முந்தல் பகுதிகளில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்கள் உருவாயின. தென்னங்கீற்றால் வேய்ந்த கிடுகுக் குடிசைகள். உப்பளக் காற்று. குடிக்கத் தண்ணீருக்கு நீண்ட வரிசை. உள்ளூர் மக்கள் முதலில் மனமுவந்து வரவேற்றார்கள். சோறு கொடுத்தார்கள், பள்ளிக்கூடங்களைத் திறந்துவிட்டார்கள், தங்கள் தோட்டங்களில் குடிசை போட இடம் தந்தார்கள். ஆனால் மாதங்கள் ஆண்டுகளான போது, வேலைக்கும் கிணற்றுக்கும் பள்ளிக்கூட இடத்துக்கும் போட்டி வந்தது. விருந்தாளி என்றவர்கள் 'அகதி' என்று சொல்லத் தொடங்கினார்கள். அந்தச் சொல் பிள்ளைகளுக்கும் பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது.

ஒரு சொல் விளக்கம் இங்கே தேவை. நாட்டின் எல்லையைத் தாண்டி வந்தவரையே 1951ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை அகதி என்கிறது. சொந்த நாட்டுக்குள்ளேயே விரட்டப்பட்டவர் 'உள்நாட்டில் இடம்பெயர்ந்தவர்'. அவரைக் காக்கும் கடமை அவருடைய அரசுக்கே உரியது. இதற்கான வழிகாட்டு நெறிகளை ஐ.நா. 1998இல்தான் வகுத்தது. இங்கே மண்டபத்துக்கு வந்த ஈழத்தமிழர் எல்லை தாண்டியவர்கள். புத்தளத்துக்குப் போனவர்கள் எல்லை தாண்டாதவர்கள். அதனால் உலகின் கண்ணில் அதிகம் படாமலே போனார்கள்.

திரும்பிப் போவது ஏன் எளிதாக இல்லை?

2009 மே மாதத்தில் போர் முடிந்தது. "இனி அவர்கள் ஊருக்குத் திரும்பலாமே" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடலாம். நடைமுறையைப் பாருங்கள்.

முதலாவது, காலம். 1990இல் ஐந்து வயதாக இருந்த பிள்ளை 2009இல் இரண்டு பிள்ளைகளின் தாய். அவள் பிள்ளைகளுக்குப் புத்தளமே ஊர். ஒரு குடும்பமாகப் போனவர்கள் நான்கு குடும்பமாகப் பெருகிவிட்டார்கள். பழைய வீட்டு மனையோ ஒன்றுதான்.

இரண்டாவது, காணி. உறுதி என்று அங்கே சொல்லும் நிலப்பத்திரம் பலரிடம் இல்லை. காலியான வீடுகளில், போரால் வீடிழந்த வேறு ஏழைகள் குடியேறியிருந்தார்கள். பத்து ஆண்டுகள் தடையின்றி ஒரு நிலத்தை அனுபவித்தவருக்கு உரிமை உண்டு என்பது இலங்கைச் சட்டம். துப்பாக்கிக்கு அஞ்சி ஓடியவர் எப்படித் தடை சொல்லியிருப்பார்? இந்த அநியாயத்தைச் சரிசெய்யவே 2016இல் ஒரு சிறப்புச் சட்டம் கொண்டுவரப்பட்டது. நல்ல சட்டம்தான். ஆனால் வழக்காட வழக்கறிஞரும் பணமும் காலமும் வேண்டுமே!

மூன்றாவது, காடு. இருபது ஆண்டுகள் ஆளில்லாமல் கிடந்த ஊரில் மரம் வளராதா? முசலிப் பகுதியில் மறிச்சுக்கட்டி போன்ற இடங்களில் மக்கள் வாழ்ந்த நிலமும் 2012இல் ஒதுக்குக் காடாக அறிவிக்கப்பட்டது. திரும்பி வந்தவர்கள் வில்பத்துக் காட்டை அழிக்கிறார்கள் என்று 2015இல் தெற்கில் பெரும் பிரசாரம் நடந்தது. காட்டைக் காப்பது நல்லதே. ஆனால் துரத்தப்பட்டவரின் வீட்டு வாசலில் மரம் முளைத்தது அவருடைய குற்றம் ஆகுமா?

நான்காவது, உதவி. 2009இல் முள்ளிவாய்க்காலிலிருந்து தப்பி வந்த இலட்சக்கணக்கான தமிழர் மேல் உலகின் கவனம் திரும்பியது. அது நியாயமே. ஆனால் 1990இல் இடம்பெயர்ந்தோர் 'பழையவர்கள்' என்று வகைப்படுத்தப்பட்டுப் பின்னுக்குத் தள்ளப்பட்டார்கள். இவர்களுக்கென்று ஒரு தெளிவான அரசுக் கொள்கை வேண்டும் என்று 2011இல் அரசு நியமித்த நல்லிணக்க ஆணைக்குழுவே பரிந்துரைத்தது. இன்றும் ஆண்கள் வடக்கிலும், பெண்களும் பிள்ளைகளும் புத்தளத்திலுமாகக் குடும்பங்கள் பிரிந்து வாழ்வது உண்டு. பள்ளிவாசல்கள் மறுபடி கட்டப்பட்டுள்ளன. பழைய தெருக்களில் பழைய கூட்டம் திரும்பவில்லை.

திருமுழுக்கு யோவானை மதிக்கும் ஒரு மக்கள்

இது இலங்கையில் மட்டும் நடந்த கதை அல்ல. ஈராக்கிலும் ஈரானிலும் மண்டேயர் என்றொரு சிறு சமயத்தவர் இருக்கிறார்கள். அவர்கள் கிறிஸ்தவர் அல்லர். ஆனால் திருமுழுக்கு யோவானைத் தங்கள் பெரிய ஆசானாக மதிக்கிறார்கள். ஓடும் ஆற்று நீரில் மட்டுமே, வெள்ளை ஆடை அணிந்து, வாழ்நாள் முழுவதும் பலமுறை திருமுழுக்குப் பெறுவார்கள். அந்த நீரை யோர்தான் என்றே அழைக்கிறார்கள். இயேசு பேசிய அரமேய மொழியின் ஒரு கிளையே அவர்கள் வழிபாட்டு மொழி. 17ஆம் நூற்றாண்டில் அங்கே போன நம் மறைப்பணியாளர்கள் இவர்களைப் 'புனித யோவானின் கிறிஸ்தவர்கள்' என்றே தவறாக நினைத்தார்கள்.

ஆயுதம் எடுப்பதை அவர்கள் சமயம் அனுமதிப்பதில்லை. பலர் பொற்கொல்லர்கள். 2003இல் ஈராக்கில் அரசு கவிழ்ந்ததும், கையில் தங்கமும் காவலுக்கு ஆளும் இல்லாத இவர்கள் எளிதான இரையானார்கள். கடத்தல், கொலை, கட்டாய மதமாற்றம். அன்று 60,000க்கும் மேல் இருந்ததாகக் கணிக்கப்பட்டவர்களில் இன்று அந்த நாட்டில் எஞ்சியிருப்பவர் சில ஆயிரம் பேரே. மற்றவர்கள் சுவீடன், ஆஸ்திரேலியா என்று சிதறிவிட்டார்கள். வெளியார் அந்தச் சமயத்தில் சேர முடியாது. சிதறியவர்களின் பிள்ளைகள் வேற்றுச் சமயத்தாரை மணந்தால், சமயமே தேய்ந்துபோகும் நிலை. ஈரானின் அரசியல் சட்டமோ கிறிஸ்தவரையும் யூதரையும் சொராஸ்திரியரையும் சிறுபான்மையாக ஏற்கிறது, இவர்களைப் பெயர்சொல்லி ஏற்கவில்லை. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2021 மார்ச்சில் ஆபிரகாமின் ஊராகிய ஊர் நகரில் பல சமயத்தவரைச் சந்தித்தபோது, மண்டேயரும் அங்கே இருந்தார்கள். எண்ணிக்கை குறைவு என்பதால் யாரும் விடுபட்டுவிடக் கூடாது என்பதை அந்தச் சந்திப்பு காட்டியது.

மடு அன்னை நமக்கு நினைவூட்டுவது

நம் சொந்த வரலாறும் இதுதானே? 1544இல் மன்னாரில் புதிதாகத் திருமுழுக்குப் பெற்ற நூற்றுக்கணக்கானோர் யாழ்ப்பாண அரசன் சங்கிலியின் கட்டளையால் கொல்லப்பட்டார்கள். டச்சுக்காரர் ஆட்சியில் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது. 1670இல் மாந்தையிலிருந்து சில குடும்பங்கள் அன்னையின் திருச்சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடின. இன்று நாம் திருயாத்திரை போகும் மருதமடு அப்படி ஓடியவர்கள் உண்டாக்கிய ஊர். 1687இல் பிச்சைக்காரர் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்து மறைந்து பணிசெய்த புனித யோசேப்பு வாஸுக்குப் பின்னர் ஆதரவு தந்தவர் யார்? கண்டியை ஆண்ட பௌத்த மன்னர். 2008 ஏப்ரலில் போரின் காரணமாக மடு அன்னையின் சுரூபமே மறுபடி இடம்பெயர்ந்து தேவன்பிட்டிக்குப் போனது. நம் அன்னையும் இடம்பெயர்ந்தோர் பட்டியலில் இருந்தவர்!

2019 உயிர்ப்புப் பெருவிழா அன்று நீர்கொழும்பிலும் கொழும்பிலும் மட்டக்களப்பிலும் ஆலயங்களில் குண்டுகள் வெடித்தன. அன்றைய தாக்குதல்களில் 260க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். செய்தவர்கள் தங்களை முஸ்லிம்கள் என்று சொல்லிக்கொண்ட ஒரு சிறு கும்பல். அடுத்த மாதமே முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் புத்தளம், குருநாகல் மாவட்டங்களில் தாக்கப்பட்டன. நீர்கொழும்பில் தங்கியிருந்த பாகிஸ்தான் அகதிகள் வீடுகளிலிருந்து விரட்டப்பட்டார்கள். பிள்ளைகளைப் பறிகொடுத்த கத்தோலிக்கரிடம், பழிவாங்க வேண்டாம் என்று கர்தினால் மால்கம் ரஞ்சித் மன்றாடினார். சுமப்பதற்கு மிகவும் கடினமான வேண்டுகோள் அது. ஆனால் 1990இல் யாழ்ப்பாணத்தில் சொல்லப்படாமல் போன சொல் அதுவே: சிலருக்காக எல்லோரையும் தண்டிக்காதீர்கள்.

வேடந்தாங்கல் சொல்லும் பாடம்

தஞ்சம் கொடுப்பது நல்ல மனம் மட்டும் சார்ந்த காரியம் அல்ல. நம் வேடந்தாங்கலைப் பாருங்கள். பெயரே வேடனின் தாங்கல். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, ஊர்மக்கள் செங்கல்பட்டு கலெக்டரிடம் முறையிட்டார்கள். 1798இல் கலெக்டர் பிளேஸ் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்திலேயே ஊருக்குக் கொடுத்தார். பறவையின் எச்சம் விழுந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம் என்று ஊர்மக்களுக்குத் தெரியும். தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் அடக்கிக்கொள்கிறார்கள். வருகிறவரால் நமக்கும் நன்மை உண்டு என்ற அறிவு, எழுதி வைத்த உரிமை, தலைமுறை தலைமுறையாகக் காத்த கட்டுப்பாடு. இந்த மூன்றும் சேர்ந்ததால்தான் அந்தத் தஞ்சம் நிலைத்தது. புத்தளத்து மக்களிடம் நல்ல மனம் இருந்தது. அரசு தரவேண்டிய மற்றவை வரவில்லை. அதனால்தான் விருந்தாளி அகதியானார்.

பறவைக்கு இவ்வளவு செய்த மண் மனிதருக்குக் குறைவாகச் செய்யலாமா? நம் பகுதியில் வேறு மதத்தவர் என்பதற்காக வாடகைக்கு வீடு மறுப்பவர்களில் நம் பங்கு மக்களும் உண்டா? வெளிமாநிலத்திலிருந்து வேலைக்கு வந்தவர்களை, ஒருவர் செய்த தவறுக்காக மொத்தமாகப் பழிக்கும் பேச்சு நம் வீடுகளில் இல்லையா? ஒலிபெருக்கி வண்டி திடீரென்று வருவதில்லை. அதற்கு முன் பல ஆண்டுகள், பல திண்ணைகளில், 'அவர்கள் அப்படித்தான்' என்ற பேச்சு நடந்திருக்கும்.

சிந்திப்போம், செபிப்போம்

பிற சமயத்தவரை மதிக்கக் கற்றுத்தந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் அறிக்கை வெளியானதும் ஓர் அக்டோபரில்தான்: 1965 அக்டோபர் 28. முஸ்லிம்களைப் பெயர்சொல்லியே அது மதிப்போடு பேசுகிறது. சமயச் சுதந்திரம் ஒவ்வொரு மனிதருக்கும் உரியது என்று அதே ஆண்டு டிசம்பரில் சங்கம் தெளிவாக அறிவித்தது. கந்தமாலில் நமக்கு அந்தச் சுதந்திரம் வேண்டும் என்று கேட்கிறோம். யாழ்ப்பாணத்திலும் பாக்தாதிலும் மற்றவருக்கு அது மறுக்கப்படும்போதும் நாம் கேட்டால்தான், நம் கேள்விக்கு மரியாதை இருக்கும்.

இந்த ஆண்டு அக்டோபர் 30 அன்று உங்கள் குடும்பச் செபமாலையில் ஒரு பத்து மணியை யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்காகவும், 1995இல் அதே நாளில் நடந்த தமிழர்களுக்காகவும், எண்ணிக்கையில் தேய்ந்துவரும் மண்டேயர்களுக்காகவும் ஒப்புக்கொடுங்கள். பிள்ளைகள் யார் அவர்கள் என்று கேட்பார்கள். அப்போது இந்தக் கதையை மறைக்காமல் சொல்லுங்கள். எகிப்துக்கு ஓடிய குழந்தை இயேசு, ஓடிய எல்லாக் குழந்தைகளுக்கும் வீடு தருவாராக.